ஊட்டியா, கொடைக்கானலா, கோவையா? வடசென்னையிலிருந்து கோல்ஃப் ஆடப் போகிறவர்களுக்கு

வடசென்னையில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் குறைவு. ஆனால் ஆடுகிறவர்கள் விடாப்பிடியானவர்கள். துறைமுகத்திலும் கப்பல் முகவர் அலுவலகங்களிலும் மணலி, எண்ணூர் ஆலைகளிலும் வேலை பார்த்த காலத்தில் யாரோ ஒரு மேலதிகாரி கையில் மட்டையைக் கொடுத்துவிட, அன்று முதல் விட முடியாமல் போனவர்கள்தான் எங்களில் பெரும்பாலோர். தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் தெருவுக்குத் தெரு கேரம் பலகை உண்டு. வியாசர்பாடியில் கால்பந்து உண்டு. கோல்ஃப் மைதானம் மட்டும் இந்தப் பக்கம் கிடையாது. விடிவதற்கு முன் கிளம்பி நந்தனத்தில் உள்ள மைதானத்துக்குப் போய், தட்டையான தரையில் ஆடி, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவதுதான் எங்கள் வாடிக்கை.

அதனால்தான் மலைமேல் ஒரு மைதானத்தில் ஆட வேண்டும் என்ற ஆசை இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்துவிட்டால் அடுத்த நிமிடமே பேச்சு ஊட்டியா, கொடைக்கானலா என்று தொடங்கும். எதற்கு மலையேற வேண்டும், கோவையிலேயே ஆடிவிட்டு வரலாமே என்று ஒருவர் சொல்வார். பிறகு படங்களைக் காட்டி வாதாடுவார்கள்.

படத்தைப் பார்த்து இதை முடிவு செய்யக்கூடாது. படத்தில் எல்லா மைதானமும் அழகுதான். மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். நம் வீட்டு வாசலிலிருந்து, முதல் குழிக்குப் பந்தை அடிக்கத் தொடங்கும் இடமான முதல் டீ வரை போய்ச் சேர உடம்பு என்ன பாடுபடும்? அந்த கிளப்பின் உறுப்பினர் அல்லாத நமக்கு அங்கே ஆட நேரம் கிடைக்குமா? நாம் போகும் மாதத்தில் வானம் இடம் கொடுக்குமா? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், முதன்முறை போகிற வடசென்னைக்காரர்களுக்கு ஊட்டிதான் சரி என்பது என் முடிவு. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, வார நாளில் போக வேண்டும். மற்ற ஊர்களுக்கும் தக்க காலமும் தக்க ஆளும் உண்டு.

பயணத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தென்சென்னைக்காரர்களின் கணக்கு நமக்கு ஒத்துவராது. தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. தாம்பரத்தில் இருப்பவருக்கு அது பக்கம். திருவொற்றியூரில் இருப்பவர் பதினைந்து கிலோ எடையுள்ள கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். பஸ் கிளம்பும் முன்பே பாதி களைப்பு வந்துவிடும். சென்ட்ரல் அப்படியில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கிருந்தும் ஒரே ரயிலில் சென்ட்ரல் வந்துவிடலாம். மேற்கே போகும் ரயில்கள் பலவும் பெரம்பூரில் நிற்பதால் வியாசர்பாடி, பெரம்பூர்க்காரர்களுக்குச் சென்ட்ரல் வரை போகும் வேலையும் மிச்சமாகலாம். டிக்கெட் எடுக்கும்போது உங்கள் ரயில் அங்கே நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, சென்ட்ரலில் ஏறிப் போகக்கூடிய ஊர் எதுவோ அதுவே நமக்குக் கிட்டத்து ஊர். இரவு 9 மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை 6 மணிக்குச் சற்று முன்பின்னாக மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். காரிலோ பஸ்ஸிலோ போனால் காலைச் சிற்றுண்டியை ஊட்டியில் சாப்பிடலாம். மலை ரயிலில் போக ஆசைப்படுவீர்கள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில், பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறுகிறது, ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் ஆகும், பெட்டிகளோ சிறியவை. நான்கு கோல்ஃப் பைகளை அதில் திணித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. ஏறும்போது காரில் போய்விட்டு, இறங்கும்போது குன்னூர் வரையாவது மலை ரயிலில் வாருங்கள். பைகள் தனியாகக் காரில் வரட்டும்.

கொடைக்கானலுக்கு எழும்பூர் போக வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் தூக்கம் கலையாத நேரத்தில் இறங்க வேண்டியிருக்கும். பெயரில் கொடைக்கானல் இருக்கிறதே தவிர ஊர் அங்கிருந்து எண்பது கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். இரவு ரயிலில் அரைத்தூக்கம், அதன்மேல் இரண்டரை மணி நேர மலைப்பாதை. அன்றைக்கே மட்டையைத் தொடுவது இளைஞர்களுக்குக்கூட நல்லதல்ல. கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்க வேண்டும். நான்கு பேரின் விடுமுறையை ஒரே வாரத்தில் ஒத்துப்போக வைப்பது எவ்வளவு கடினம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

இனி மைதானங்களைப் பற்றி. ஊட்டி ஜிம்கானா கிளப்பின் மைதானம் மைசூர் சாலைப் பக்கம், ஃபிங்கர் போஸ்ட்டைத் தாண்டி, வென்லாக் டவுன்ஸ் என்ற புல்வெளியில் விரிந்திருக்கிறது. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அது. அதற்கு வெகுகாலம் முன்பே தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். மரங்கள் நெருங்கிய மைதானம் அல்ல, திறந்த மேடுகள். ஒரு மேட்டில் நின்று அடித்தால் பந்து பள்ளத்தைத் தாண்டி அடுத்த மேட்டில் விழுவதைக் கடைசிவரை கண்ணால் பின்தொடரலாம். 18 குழிகள், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஏழாயிரத்து ஐந்நூறு அடி.

அந்த உயரத்தில் பந்து நடந்துகொள்ளும் விதமே வேறு. காற்று மெலிதாக இருப்பதால் அதைக் கிழித்துக்கொண்டு போகும் பந்துக்குத் தடை குறைகிறது. நந்தனத்தில் 150 கெஜம் போகும் அடி இங்கே 160ஐத் தாண்டிவிடும். ஆனால் காலைக் குளிரில் பந்து இறுகிப்போயிருக்கும், நம் தோள்களும் இறுகியிருக்கும், அதனால் கிடைத்த தூரத்தில் கொஞ்சம் கழிந்துவிடும். வெயில் ஏற ஏறத் தூரம் கூடும். காலை ஏழரைக்கு எடுத்த மட்டையைப் பத்து மணிக்கும் அதே தூரத்துக்கு எடுத்தால் பந்து, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைத் தாண்டி ஓடிவிடும். முதல் மூன்று நான்கு குழிகளில் எந்த மட்டை எவ்வளவு போகிறது என்று கவனித்து மனத்தில் குறித்துக்கொள்வதே அன்றைய ஆட்டத்தில் பாதி.

டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதையான ஃபேர்வேயை விட்டு விலகினால் கார்ஸ் புதர் காத்திருக்கும். ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் நினைவுக்காகக் கொண்டுவந்து நட்டு, பிறகு மலை முழுக்கப் பரவிவிட்ட செடி அது. தூரத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் பூ பூத்து அழகாக இருக்கும். கிட்டே போனால் அதற்கு இலை என்று ஒன்று இல்லை, எல்லாம் முள். கூரான முள் கொத்துக்கொத்தாக, கிளையின் உள்ளே வரை நெருங்கியிருக்கும். வெள்ளைப் பந்து உள்ளே ஒரு முழ ஆழத்தில் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. கையை விட வேண்டாம். ஒரு தண்டனை அடியை ஏற்றுக்கொண்டு வெளியே பந்தை வைத்து ஆடுங்கள். பையில் பந்துகளை வழக்கத்தைவிட இரு மடங்கு எடுத்துப் போவதும் நல்லது. மேட்டுப்பாளையத்தில் பந்து வாங்கக் கடை தேடிக்கொண்டிருக்க முடியாது.

கிரீன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் கண் ஏமாற்றும். சுற்றியுள்ள மலைச்சரிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் சரிந்திருக்கும் கிரீன் மட்டமாகத் தெரியும், மட்டமாக இருப்பது ஏறுமுகமாகத் தெரியும். வெயில் காய்ந்த நாளில் பள்ளத்தாக்கை நோக்கி அடித்த பட், அதாவது கிரீனில் பந்தை உருட்டிவிடும் அடி, பவுடர் தூவிய கேரம் பலகையில் காய் ஓடுவது போல ஓடிவிடும். இதற்கு ஒரே துணை, பையைச் சுமந்து கூடவே வரும் கேடி. "சார், கொடியைப் பார்க்க வேண்டாம். அதற்கு இடப்பக்கம் ஒரு பழுப்புத் திட்டு தெரிகிறதல்லவா, அங்கே பார்த்து மெதுவாக விடுங்கள்" என்று சொல்லிவிட்டு நம் காலடிக்குப் பின்னால் வந்து குந்தி உட்கார்ந்து பார்ப்பார். நம் கண்ணுக்கு அந்தப் பழுப்புத் திட்டு குழிக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் இருக்கும். அவர் சொன்ன இடத்தில் விட்டால் பந்து அரை வட்டம் போட்டுக் குழிப்பக்கம் திரும்பும். அந்த நிலத்தில் நாள்தோறும் நடந்து அவர்கள் சேர்த்த அறிவு அது. பெங்களூரில் கேடியாக இருந்து மேலே வந்த முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியையே வென்றார். கேடிக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். அவர் சொல்வதைக் கேட்டு ஆடுங்கள்.

பெரும்பாலும் நடந்துதான் ஆட வேண்டும். தட்டையான மைதானத்தில் 18 குழி முடிப்பதற்குள் எட்டு கிலோமீட்டருக்கு மேல் நடப்போம். இங்கே அதே தூரம் ஏறி இறங்கி நடக்க வேண்டும், மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்களும் இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் ஒன்பது குழியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆட்டத்துக்குப் புதியவர் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் அவருக்கும் ஒன்பதே போதும். போய்ச் சேர்ந்த நாளில் ஆடாமல், ஊரைச் சுற்றி, நன்றாகத் தூங்கி, மறுநாள் காலை ஆடுவதுதான் முறை. கூட வந்த குடும்பத்தினர் தாவரவியல் பூங்காவுக்குப் போவதென்றால் அந்த முதல் நாளில் நீங்களும் சேர்ந்து போகலாம்.

கொடைக்கானல் மைதானம் 1895இல் தொடங்கிய கிளப்புடையது. தூண் பாறைக்குப் போகும் வழியில், பசுமைப் பள்ளத்தாக்குக்கு அருகில் இருக்கிறது. அழகை மட்டும் வைத்துக் கேட்டால் ஊட்டியைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஊட்டியில் திறந்த வெளி, இங்கே மரங்கள் சூழ்ந்த பசுமை. குழிக்குக் குழி காட்சி மாறும், நகரத்தின் சத்தம் கேட்காது. மேகம் தரையோடு வரும் மைதானம் இது. காலையில் துலக்கமாக இருந்த ஃபேர்வே நண்பகலுக்குப் பிறகு கொடி தெரியாத அளவுக்கு மூடிக்கொள்ளும். காலையில் ஆட விடும் முதல் நேரத்தைக் கேட்டு வாங்காவிட்டால் பாதி ஆட்டத்தில் நிற்க வேண்டிவரும்.

அங்கே காட்டெருமைகள் வரும். மைதானத்தின் புல் அவற்றுக்குப் பிடிக்கும். கூட்டமாகவும் வரும், தனியாக ஒரு பெரிய காளையும் வரும். ஒரு டன் வரை எடையுள்ள விலங்கு அது. அமைதியாக மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து கைபேசியோடு நெருங்கக்கூடாது. உங்கள் பந்து அதன் காலடியில் கிடந்தால் அங்கே போய் ஆட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் தண்டனை அடி இல்லாமல் பந்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிக்கொள்ள கோல்ஃப் விதிகள் அனுமதிக்கின்றன. கிரீனில் அவற்றின் குளம்பு பதிந்த பள்ளம் உங்கள் வழியில் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டும் பட் செய்யலாம். இந்த இரண்டு விதிகளும் நந்தனத்தில் நமக்குத் தேவைப்பட்டதே இல்லை. கொடைக்கானல் போகுமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

குறிஞ்சி பூக்கும் ஆண்டில் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்தது 2030. ஆனால் அது பூப்பது ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில், மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில். பூவைப் பார்க்கப் போங்கள், ஆட்டத்தை அந்தப் பயணத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

மாதக் கணக்குதான் மூன்று ஊர்களையும் தெளிவாகப் பிரிக்கிறது. நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டியில் காற்றும் சாரலும். அக்டோபர், நவம்பரில் மழையோடு மண்சரிவும் சேர்ந்துகொள்ளும், மலை ரயிலும் அடிக்கடி நின்றுவிடும். கொடைக்கானலுக்கு வடகிழக்கு மழைதான் பெரிது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். விடியலில் புல் வெள்ளையாக இருப்பது பார்க்க அழகு. ஆனால் உறைந்த புல்லை மிதித்தால் அந்த இடம் கருகிவிடும் என்பதால் பனி உருகும்வரை கிரீனில் கால் வைக்கக்கூடாது. அந்த மாதங்களில் முதல் நேரத்தைக் கேட்பதில் பயனில்லை. ஏப்ரல், மே சீசன். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸுக்கு இது பொருந்தாது. வாடகைக் கார் எடுத்தால் ஓட்டுநர் பாஸ் எடுத்துவிட்டாரா என்று முதல் நாளே கேளுங்கள். மிஞ்சுவது பிப்ரவரியும் மார்ச்சும். வறண்ட தரை, தெளிந்த வானம், காலியான அறைகள். பள்ளித் தேர்வுக் காலம் என்பதால் குடும்பங்கள் வருவதும் குறைவு.

அப்படியானால் ஜூன், ஜூலையில் ஆசை வந்தால்? அதற்குத்தான் கோவை. செட்டிப்பாளையத்தில் உள்ள 18 குழி மைதானம் மலையின் மழைமறைவுப் பக்கம் இருக்கிறது. மேலே ஊட்டி நனைந்துகொண்டிருக்கும் நாளில் இங்கே தரை காய்ந்திருக்கும். மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மாதங்களில் பலத்த காற்று வீசும். அது ஆட்டத்தைக் கடினமாக்கும், ஆனால் ஆடவிடாமல் செய்யாது. சென்ட்ரலிலிருந்து வந்தே பாரத் உட்பட நாள் முழுக்க ரயில்கள் உண்டு, மலைப்பாதையே இல்லை. காட்சியைவிட ஆட்டம் முக்கியம் என்பவர், நல்ல ஸ்கோர் எடுக்க நினைப்பவர், வயதான பெற்றோரை வீட்டில் விட்டு நீண்ட நாள் விலகியிருக்க முடியாதவர் கோவைக்கே போகலாம். அழகான மைதானம் என்று கேட்டு வந்தவருக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

இன்னும் இரண்டு பெயர்கள் பேச்சில் வரும். ஒன்று குன்னூர் பக்கத்து வெலிங்டன். 1873இல் தொடங்கிய கிளப், முப்படை அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரி இருக்கும் ஊர். ஊட்டியில் ஒரு நாள் ஆடிய பிறகு இன்னொரு நாள் மிச்சமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். போட்டி நாள்களில் வெளியாருக்கு இடம் இருக்காது என்பதால் தேதியை முதலில் கேளுங்கள். மற்றொன்று பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் உள்ள கோல்ஃப்ஷயர். நேர்த்தியாகப் பராமரிக்கப்படும் நவீன மைதானம். செலவு கையைக் கடிக்கும். அலுவலகம் பணம் கொடுத்தால் போகலாம்.

இவை எல்லாமே தனியார் கிளப் மைதானங்கள். அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே கிளப்புக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். விருந்தினராக வருகிறோம், இத்தனை பேர், இந்தக் கிழமை என்று சொல்லி, அன்று போட்டி எதுவும் இருக்கிறதா, காலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள், விருந்தினர் கட்டணம் வார நாளில் எவ்வளவு, கேடிக்குத் தனியா, மட்டை வாடகைக்குக் கிடைக்குமா, ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்பார்களா என்று கேளுங்கள். நல்ல மட்டைகள் வாடகைக்குக் கிடைப்பது உறுதியானால் பையைச் சுமக்காமலே போகலாம். எனக்கு என் மட்டைகள் இல்லாமல் கை வராது, அதனால் நான் சுமந்தே போகிறேன். ரயிலில் கீழ் இருக்கைக்கு அடியில் படுக்கவைத்தால் அடங்கும், மட்டைத் தலைகளுக்கு ஒரு பழைய போர்வையைச் சுற்றிக்கொள்ளுங்கள். காலர் வைத்த சட்டை வேண்டும். ஜீன்ஸும் காலர் இல்லாத டி-ஷர்ட்டும் கூடாது. காலைக்கு ஒரு ஸ்வெட்டர், பத்து மணிக்குக் கழற்றிப் பையில் வைக்கும்படி மெல்லியதாக இருக்கட்டும். இரண்டு மலைகளிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. பிப்ரவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கிளம்பி, வியாழன் காலை ஆடி, வெள்ளி இரவு மேட்டுப்பாளையத்தில் ரயிலேறி, சனிக்கிழமை காலை சென்ட்ரலில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். போகும் டிக்கெட்டை டிசம்பர் நடுவில் எடுக்க வேண்டும். திரும்பும் டிக்கெட் மூன்று நாள் கழித்துத்தான் திறக்கும், அதையும் அன்றே எடுத்துவிடுங்கள். கிளப்புக்கு அதற்கு முந்தைய வாரமே பேசி, அந்த வியாழன் காலி என்று உறுதியான பிறகு பணத்தைக் கட்டுங்கள்.